தோட்டமும் ஊராட்சியும்

ஒரு நாட்டின் அரசியலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நாடாளுமன்றத்தையும் அமைச்சரவையையும் பற்றியே பேசுவர். ஆயின், குடிமக்களின் வாழ்வை அன்றாடம் தொடுவது அவர்கள் குடியிருக்கும் ஊரின் ஆட்சியேயாகும். குடிதண்ணீர்ப் பீலி, வாசலில் ஓடும் வடிகால், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் பாதை, சந்தை, தெருவிளக்கு, நூல்நிலையம், இறுதியாகச் சுடுகாடு ஆகிய இவையெல்லாம் யாருடைய பொறுப்பு என்னும் வினாவுக்கு விடை தருவதே உள்ளூராட்சி. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கிடைத்து வந்த விடை விசித்திரமானது. நுவரெலியா, ஹட்டன் போன்ற பட்டினங்களுக்குச் சபைகள் இருந்தன. கொத்மலை, வலப்பனைப் பகுதிகளின் பழைய கிராமங்களுக்கும் சபைகள் இருந்தன. இரண்டுக்கும் இடையே மலைச்சரிவெங்கும் பரந்து கிடந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த பெருந்தொகையான மக்களுக்கு மாத்திரம் எந்தச் சபையும் இருக்கவில்லை. இது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு மாறி வந்தது என்பதே இம்மாவட்டத்து உள்ளூராட்சி வரலாற்றின் உட்பொருள்.

நுவரெலியாவை ஆங்கிலேயர் 'சின்ன இங்கிலாந்து' என்று செல்லமாக அழைத்தனர். ஆகையால், இங்கிலாந்திலே ஊர்களின் ஆட்சி எவ்வாறு அமைந்திருந்தது என்பதை முதற்கண் நோக்குதல் நலம். பேராலயத்தால் புகழ்பெற்ற கான்டர்பரி நகரத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அந்நகரத்தார் 1448ஆம் ஆண்டிலேயே அரச சாசனத்தின் வாயிலாக நகரபிதா ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமையைப் பெற்றனர். 1889இல் அந்நகரம் மாவட்டத்துக்குச் சமமான தனியதிகாரம் பெற்ற மாநகராயிற்று. 1974இல் சுற்றியிருந்த கரையோரப் பட்டினங்களும் நாட்டுப்புறக் கிராமங்களும் அதனுடன் இணைக்கப்பட்டு ஒரே சபையின் கீழ் வந்தன. எல்லைகள் மாறின; அதிகாரங்கள் கூடின, குறைந்தன. எனினும் ஒவ்வொரு வீடும் ஏதோ ஒரு பங்கில், ஏதோ ஒரு வட்டாரத்தில் அடங்கியே இருந்தது. ஊருக்குப் புறம்பான குடி என்று ஒன்று அங்கே சட்டத்தின் கண்ணுக்குத் தென்படவில்லை. 1894ஆம் ஆண்டுச் சட்டம் 300 பேருக்கு மேற்பட்டோர் வாழும் நாட்டுப்புறப் பங்குகளுக்கெல்லாம் தெரிவுசெய்யப்பட்ட சபைகளை வழங்கியது. பண்ணைக் கூலியாளும் தன் எசமானருக்குச் சமமாக அச்சபைக்கு வாக்களிக்க வழி பிறந்தது.

தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்களுக்கும் ஊராட்சி என்பது அறியாத பொருளன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் காலத்திலே பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்த வரலாற்றைக் கூறுகின்றன. ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அங்கே இருந்தன. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கால்வேலிக்குக் குறையாத இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும் உடையவனுடைய பெயரே குடவோலையில் இடம்பெறத் தக்கது என்று அதே கல்வெட்டு விதிக்கின்றது. சொந்த நிலமும் சொந்த மனையும் இல்லாதவன் ஊராட்சிக்கு உரியவனாகான் என்ற எண்ணம் அத்துணைப் பழமையானது. மலைநாட்டின் கதையிலும் அவ்வெண்ணமே வேறு உருவில் தோன்றுகின்றது.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டபோது, இன்றைய நுவரெலியா மாவட்டம் என்னும் பிரிவு இருக்கவில்லை. உடஹேவாஹெட்ட, வலப்பனை, கொத்மலை முதலிய பழைய சிங்களப் பிரிவுகளே இருந்தன. அவை கோறளைகளாகவும் கிராமங்களாகவும் வகுக்கப்பட்டுத் தலைமைக்காரரால் பரிபாலிக்கப்பட்டன. வயலுக்கு நீர் பாய்ச்சுதல், எல்லைத் தகராறு, மாடு மேய்ந்த வழக்கு ஆகியவற்றைக் கிராமத்துப் பெரியோர் கூடித் தீர்க்கும் கம்சபா என்ற அமைப்பும் இருந்தது. 1833இல் கோல்புறூக்கின் விதந்துரைப்பின்படி இலங்கை முழுவதும் ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது, கண்டி இராச்சியத்தின் பழைய எல்லைகள் குலைக்கப்பட்டன. அதன் நடுப்பகுதி மத்திய மாகாணம் ஆயிற்று. பிற்காலத்தில் அதன் ஒரு மாவட்டமாக நுவரெலியா அமைந்தது. உதவி அரசாங்க அதிபர் ஒருவர் அதனைப் பரிபாலித்தார். அப்பதவியிலிருந்த லெ மெசூரியர் 1893இல் இம்மாவட்டத்தைப் பற்றி வெளியிட்ட கைந்நூல், அக்கால நிருவாகத்தின் அமைப்பை அறிவதற்கு இன்றும் பயன்படுவது. ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா ஆகியன அடங்கிய அம்பகமுவைப் பகுதியோ அந்நாளில் உடபுலத்கமை என்ற பிரிவில் அடங்கிக் கண்டி மாவட்டத்தின் பாகமாய் இருந்தது. நுவரெலியாவுடன் அது சேர்க்கப்பட்டது பிற்காலத்திலேயாகும்.

இந்தப் பழைய வரைபடத்தின்மேல் மற்றொரு வரைபடம் விரிக்கப்பட்டது. அதுவே தோட்டங்களின் வரைபடம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதியோ சாசனமோ காட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழி செய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வந்த கிராமத்தார்க்கு எழுத்திலான உறுதி ஏது? மலைக்காடுகள் விற்கப்பட்டன, கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், அதே நிலங்களில் தேயிலை நடப்பட்டது. 1884இல் புகையிரதம் ஹட்டனையும், அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் அடைந்தது. ஸ்கொத்துலாந்து நாட்டுத் துரைமார் தம் தாய்நாட்டு ஊர்களின் பெயர்களைத் தோட்டங்களுக்குச் சூட்டினர். டன்சினேன், எடின்பரோ, ஹோலிறூட் எனப் பெயர்ப்பலகைகள் மலையெங்கும் நிமிர்ந்தன. ஹட்டன் என்ற பெயரும் அவ்வாறு வந்ததே.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் கீழ் வந்த தமிழ்மக்கள் இத்தோட்டங்களில் குடியேறினர். அவர்கள் தங்கிய லயங்களின் அறைகள் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவானவை. அவ்வறை அவர்களுக்குச் சொந்தமுமன்று, வாடகைக்குப் பெற்றதுமன்று. வேலையோடு சேர்ந்த இருப்பிடம் அது. வேலை போனால் இருப்பிடமும் போகும். தோட்டத்துக்கு வெளியே கிடந்த சிங்களக் கிராமங்களைத் தோட்டத்து மக்கள் 'நாடு' என்றே குறிப்பிட்டு வந்தனர். தோட்டம் வேறு, நாடு வேறு என்ற பிரிவு அவர்களுடைய நாவிலேயே பதிந்து விட்டது. அது வெறும் பேச்சு வழக்கன்று. சட்டமும் அவ்வாறே பிரித்திருந்தது.

பட்டினங்களின் நிலைமை வேறாக இருந்தது. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி கொழும்பு, கண்டி, காலி ஆகியவற்றுக்கு மாநகர சபைகள் ஏற்பட்டன. நடுத்தரப் பட்டினங்களுக்கு 1876இல் உள்ளூர்ச் சபைகளும், சிறு பட்டினங்களுக்கு 1892இல் சுகாதாரச் சபைகளும் விதிக்கப்பட்டன. நுவரெலியா பட்டினத்துக்கெனத் தனியே ஓர் அபிவிருத்திச் சபை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இயங்கியது. 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, ஆங்கில உத்தியோகத்தரும் தோட்டத்துரைமாரும் வெயிற்காலத்தில் இளைப்பாறும் இடமாக அது வளர்ந்தமையால், வீதிகளும் பூங்காக்களும் நீரும் துப்புரவும் அங்கே விசேட கவனம் பெற்றன. 1848இல் சாமுவேல் பேக்கர் அங்கே ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவ முயன்றார். 1852இல் திருத்துவத் தேவாலயம் எழுந்தது. 1870களில் ஆளுநர் கிரெகரியின் பெயரால் ஏரி அமைந்தது. அபிவிருத்திச் சபையைத் தொடர்ந்து நகர சபையும் பின்னர் மாநகர சபையும் வந்தன. ஹட்டனும் டிக்கோயாவும் சேர்ந்து ஒரு நகர சபையாயின. தலவாக்கலையும் லிந்துலையும் சேர்ந்து மற்றொன்றாயின. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுகாதாரச் சபைகளின் இடத்தைப் பட்டின சபைகள் பெற்றன. இப்பட்டினங்களின் எல்லைக் கல்லைத் தாண்டி ஓரடி வைத்தால் தேயிலைச் செடி. அதற்கப்பால் சபையின் விளக்கு எரியவில்லை, சபையின் வண்டி செல்லவில்லை.

கிராமங்களுக்கு வழி செய்தது ஆளுநர் சேர் ஹேர்கியூலிஸ் றொபின்சன் காலத்தில் இயற்றப்பட்ட 1871ஆம் ஆண்டுக் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டமாகும். குலைந்துபோன கம்சபா முறையைப் புதுப்பித்து, கிராமத்தார் தம் விவகாரங்களைத் தாமே கவனிக்கச் செய்வது அதன் நோக்கம். 1889ஆம் ஆண்டில் அது திருத்தியமைக்கப்பட்டது. இதன்கீழ் ஏற்பட்ட கிராமச் சங்கங்களில் ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் வாக்கில்லை. தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளருக்கும் வாக்கில்லை. முதலிருவரும் விலக்கப்பட்டதன் காரணம் அவர்கள் கிராமச் சங்கத்தின் அதிகாரத்துக்கு மேற்பட்டோராகக் கருதப்பட்டமை. தொழிலாளர் விலக்கப்பட்டதன் காரணம் அவர்கள் கிராமத்தைச் சேராதோராகக் கருதப்பட்டமை. இங்கிலாந்திலே பண்ணைக் கூலியாளுக்குப் பங்குச் சபை வாக்கை அளித்த 1894ஆம் ஆண்டுக்கு ஐந்தாண்டு முன்னரே, அதே அரசின் கொடி பறந்த மலைநாட்டிலே தோட்டத் தொழிலாளி ஊராட்சிக்குப் புறம்பானவன் என்று எழுதப்பட்டுவிட்டது. ரோசாச் செடியும் ஓட்டுக் கூரையும் குதிரைப் பந்தயமும் இங்கிலாந்திலிருந்து நுவரெலியாவுக்கு வந்தன; பங்குச் சபை வரவில்லை.

அங்ஙனமாயின் தோட்டத்து மக்களை ஆண்டது யார்? தோட்டத் துரையே அவர்களுக்கு ஊராட்சியாகவும் இருந்தார். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், 1912ஆம் ஆண்டின் சட்டங்களும் மருந்து, துப்புரவு ஆகியவற்றைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கின. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பள்ளிக்கூடத்தை அவர் பொறுப்பில் வைத்தது. பிறப்பையும் இறப்பையும் பதிவுக்கு அறிவிப்பவர் அவர். தண்ணீர்ப் பீலியைப் பழுது பார்ப்பதும், பாதைக்குக் கல் போடுவதும், சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்குவதும், கோயில் திருவிழாவுக்கு அனுமதி தருவதும் அவர் விருப்பம். தபாற்காரர் லயத்துக்கு வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கிருந்தே கைமாறின. கடமையுணர்ச்சியோடு இவற்றைச் செய்த துரைமாரும் உண்டு, செய்யாதோரும் உண்டு. ஆனால் செய்தவரையோ செய்யாதவரையோ கேள்வி கேட்கவும் மாற்றவும் மக்களுக்கு வழி இருக்கவில்லை. ஊராட்சிக்கும் தோட்ட ஆட்சிக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே அமைந்துள்ளது. ஊராட்சியில் தண்ணீர் உரிமை. தோட்டத்தில் தண்ணீர் சலுகை.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு வதிவு பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் கணிசமானோர் வாக்காளராயினர். அத்தேர்தலில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம், தொழில், கைத்தொழில், வாணிக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதியைக் கோ. நடேசய்யர் வென்றார். நாட்டின் உயர்ந்த சபைக்கு உறுப்பினரை அனுப்பும் தகுதியைத் தோட்டத்து மக்கள் பெற்றிருந்த அவ்வேளையில், தம் லயத்துக்கு அருகேயுள்ள கிராமச் சங்கத்துக்கு வாக்களிக்கும் தகுதி அவர்களுக்கு இருக்கவில்லை.

இம்முரண்பாடு 1937இல் வெளிப்படையாயிற்று. உள்ளூராட்சி அமைச்சராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா கிராமச் சமுதாயச் சட்டத்தைத் திருத்த முனைந்தார். ஐரோப்பியர்க்கும் பறங்கியர்க்கும் இருந்த தடை நீங்கிற்று. இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு இருந்த தடை மாத்திரம் நீங்காமல் நின்றது. இந்திய அரசாங்கமும் இந்நாட்டு இந்தியத் தலைவர்களும் இதனைக் கண்டித்தனர். கண்டனத்தின் பயனாக 1938இல் நிறைவேறிய சட்டம் இனப்பெயரை நீக்கியது. தோட்டங்களில் வதியும் தொழிலாளர் எவராயினும் வாக்கில்லை என்று பொதுப்படக் கூறியது. சொல் மாறிற்று, பயன் மாறவில்லை. தோட்டங்களில் வதிந்தோர் பெரும்பாலும் இந்திய வமிசாவளியினரேயாதலின், தடை முன்போலவே அவர்கள்மீது விழுந்தது.

இதற்குக் கூறப்பட்ட நியாயங்களையும் நேர்மையோடு கருதல் வேண்டும். தோட்டத்துத் தேவைகளைத் தோட்டமே கவனிக்கின்றது, தொழிலாளர் கிராம வரி செலுத்துவதில்லை, அவர்களுடைய வாக்கு துரையின் அல்லது கங்காணியின் சொற்படி விழும் என்பன ஒருபுறம். மறுபுறம், சிங்களக் கிராமத்தாரின் அச்சம் ஒன்று இருந்தது. 1840க்குப் பின் தம் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் இழந்து தோட்டங்களுக்கிடையே நெருக்கப்பட்டிருந்த கிராமம், எஞ்சியிருந்த தன் சிறு சபையிலும் தோட்டத்து வாக்குகளால் அமிழ்ந்துவிடுமோ என்று அஞ்சியது. அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும் காடுகளை விற்றவன் கிராமத்தானுமல்லன், தோட்டத்துத் தொழிலாளியுமல்லன். ஒரே ஆட்சியால் நிலமிழந்தவனும் ஊரிழந்தவனும் ஒருவரையொருவர் எதிரிகளாக எண்ணும் நிலை ஏற்பட்டதே மலைநாட்டின் பெருந்துயரம்.

1939 ஜூலையில் ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதன் சார்பில் ஏழு பேர் வெற்றி பெற்றனர். நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும் அவர்களுள் அடங்குவர். அடுத்த இரண்டாண்டுகளுக்குள் அடித்தளமே சரிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. ஊராட்சி இன்றியிருந்தோர் இப்பொழுது நாட்டின் ஆட்சியிலும் இடமிழந்தனர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரின் கதியை நிருணயிக்க முயன்றது. 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னரே நாடற்றோர் என்ற நிலை பெரும்பாலும் நீங்கியது.

இதற்கிடையில் தோட்டங்களின் உடைமை கைமாறியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992 முதல் அவை நீண்டகாலக் குத்தகையில் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. துரை அரச உத்தியோகத்தரானார்; பின்பு கம்பனியின் முகாமையாளரானார். லயத்தின் கூரையும் தண்ணீர்ப் பீலியும் எப்பொழுதும் போலத் தோட்டத்து ஆபீசின் கணக்கிலேயே இருந்தன.

உள்ளூராட்சி அமைப்பிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் ஒழிக்கப்பட்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் ஏற்பட்டன. அவை நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் பிறந்தன. அவற்றுக்கான முதல் தேர்தல் 1991 மே மாதத்தில் நடைபெற்றது. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவை, கொத்மலை, ஹங்குராங்கெத்தை, வலப்பனை என ஐந்து பிரதேச சபைகள் அமைந்தன. ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே 1889இல் எழுப்பப்பட்ட சுவர் வாக்கெடுப்பைப் பொறுத்தவரை இவ்வாறு இடிந்தது. குடியுரிமை பெற்ற தோட்டத்துத் தொழிலாளி தன் வீட்டருகே இயங்கும் சபைக்கு வாக்களிக்கவும் அதில் உறுப்பினராகவும் தலைவராகவும் முடிந்தது.

எனினும் வாக்கு வந்த இடத்தில் வேலை வரவில்லை. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் தாராளமாகச் செலவிட இடந்தரவில்லை. தோட்டத்து வீதி பொது வீதியன்று, லயம் கிராமமன்று என்பதே வாதம். தோட்டத்து வாக்குகளால் தெரிவான உறுப்பினர் தம்மைத் தெரிந்த மக்களின் பாதைக்கு ஒரு வண்டிக் கல்லும் போட இயலாத நிலையில் சபையில் அமர்ந்திருந்தார். கல் போட வேண்டுமாயின் தோட்ட நிருவாகத்தின் இணக்கத்தை நாட வேண்டியிருந்தது. சட்டத்தின் சொற்களிலே பழைய கிராமச் சங்கத்தின் நிழல் இன்னும் படிந்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எல்லைகளைப் பற்றியும் ஒரு குறை இருந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நுவரெலியா மாவட்டத்தின் குடித்தொகை 711,644. அவருட் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். நுவரெலியா, அம்பகமுவை ஆகிய இரு பிரதேசங்களிலும் ஒவ்வொன்றிலும் 200,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். நாட்டின் பிற பாகங்களில் இதிற் சிறு பங்கினரான மக்களுக்கு ஒரு சபை இருந்தது. சபையின் எண்ணிக்கை குறைந்தால் உறுப்பினரும் குறைவர்; அரச மானியமும் உத்தியோகத்தரும் அலுவலகமும் குறையும்; மஸ்கெலியாவின் கோடியில் உள்ளவர் ஒரு சிறு காரியத்துக்கும் நெடுந்தூரம் செல்ல வேண்டும். ஒரே கிராம அலுவலர் பிரிவில் பல தோட்டங்கள் அடங்கியிருந்தமையும் இவ்வகைக் குறையே.

நெடுங்காலக் கோரிக்கையின் பின், 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பாக இவ்வெல்லைகள் மாற்றப்பட்டன. நுவரெலியாப் பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என மூன்றாயிற்று. அம்பகமுவை அம்பகமுவை, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றாயிற்று. பிரதேச சபைகள் ஒன்பது, நகர சபைகள் இரண்டு, மாநகர சபை ஒன்று ஆக மாவட்டத்தின் உள்ளூராட்சி மன்றங்கள் 12 ஆயின. அத்தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்களாயுள்ள மலைநாட்டில் அதன் பொருள் சிறிதன்று. அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டது. சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் செலவிடலாம் என்று நாடாளுமன்றம் விதித்தது. மலையகப் புதிய கிராமங்களுக்கான அபிவிருத்தி அதிகார சபையை நிறுவும் சட்டமும் 2018இலேயே நிறைவேறிற்று. அச்சட்டத்தின் பெயரிலே 'கிராமம்' என்ற சொல் இடம்பெற்றமை கருதத்தக்கது. நிருவாகப் பக்கத்தில் நோர்வூட், தலவாக்கலை முதலிய இடங்களில் புதிய பிரதேச செயலகங்களும் பின்னர் ஏற்பட்டன. 2025 மே 6ஆந் திகதி இச்சபைகளுக்கு மீண்டும் தேர்தல் நடந்தது.

இவ்வரலாற்றை நிரல்படுத்தி நோக்குவோர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். பிற இடங்களில் மக்கள் முதலில் ஊரைப் பெற்று, பின்னரே நாட்டின் ஆட்சியிற் பங்கு பெற்றனர். மலைநாட்டுத் தோட்டத்து மக்களோ நாட்டின் வாக்கை 1931இல் பெற்று, 1949இல் இழந்து, பல்லாண்டு கழித்து மீட்டனர். ஊரின் வாக்கு அவர்களுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே வந்தது. அவ்வாக்கினால் பயன் கொள்ளும் வழி 2018இலேயே திறந்தது. மேலிருந்து கீழிறங்கி வந்த உரிமை இது. இன்னும் முழுவதும் தரையைத் தொடவில்லை. ஏனெனில் தரை அவர்களுடையதன்று. லயங்களை விட்டுத் தனி வீடுகளுக்கு மாறுவோர்க்கு 7 பேர்ச் காணி என்ற திட்டம் தொடங்கப்பட்டுள்ளது. ஆயினும் பழைய லயங்களில் வாழும் குடும்பங்கள் இன்னும் பல. காணியுறுதியும் வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத இடத்தில் சபையின் வரியும் சபையின் சேவையும் நேராகச் சென்று சேர்வது அரிது.

உத்தரமேரூரில் நிலமும் மனையும் உடையார்க்கே குடவோலை என்றிருந்த காலம் போயிற்று. வாக்குக்கு நிலம் வேண்டுவதில்லை என்பது இன்றைய நீதி. எனினும் ஓர் ஊர் ஊராவதற்கு, அங்கே வாழ்வோர் 'இது எமது இடம்' என்று சொல்லத்தக்க நிலை வேண்டும். பிதுருதலாகலை மலையின் அடிவாரத்திலும் மஸ்கெலியா ஆற்றின் கரைகளிலும் தோட்டங்கள் ஒவ்வொன்றாய் ஊர்களாகி வருகின்றன. அம்மாற்றம் முற்றுப்பெற வேண்டுமாயின், பிரதேச சபையின் வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் மட்டும் போதாது. அக்கோட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கமும், அவ்வீட்டாரின் பெயரில் ஓர் உறுதியும், தபாற்காரர் நேரே வந்து நிற்கும் ஒரு வாசலும் அமைதல் வேண்டும்.